மின்னாத கண்

அஞ்செட்டிக் காவல் நிலையத்தில்
மேசைமேல் கிடத்தினேன்.
நீளம் எவ்வளவு என்றார் ஏட்டு.
என் தோள் மட்டும் என்றேன்.
ஸ்கேல் வைத்து அளந்துகொண்டார்.

பதினைந்தாம் தேதிக்குள் ஒப்படைத்தால் வழக்கில்லை என்று
ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள்.
இன்று பதினாலு.

பெயர்?
கெம்பராஜ்.
அப்பா பெயர்?
தொட்டமாதன்.
எதுக்குடா வெச்சிருந்த?
கேழ்வரகுக்கு என்றேன்.
அப்படியே எழுதினார்.

பொய்யில்லை அது.
பாதி கேழ்வரகு. மீதி கறி.

எங்களுக்கும் சட்டம் இருந்தது, ஐயா.
குடித்தவன் வரக்கூடாது.
மருந்து இடித்தபின் பீடி கிடையாது.
நாலு பேர் போனால் இருட்டில் ஒருத்தன் மறந்துபோவான்,
அதனால் மூன்றே பேர்.
காற்று முகத்தில் அடிக்க நடக்க வேண்டும்;
முதுகில் அடித்தால்
நீ யார், காலையில் என்ன தின்றாய் என்பதுவரை
ஒற்றை யானைக்குத் தெரிந்துவிடும்.
மூங்கில் முறிகிற சத்தம் கேட்கிறவரை பயமில்லை.
நின்றால்தான்.
பிரிந்து போகிறவன் இரண்டு சீழ்க்கை அடிக்கணும்,
திரும்பும்போது இரண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று:
கண்ணைப் பார்க்காமல் விரலை வைக்காதே.

நெற்றி லைட்டில்
புள்ளிமானுக்குப் பச்சை.
சிறுத்தைக்கு மஞ்சள், அவசரமே இல்லாத மஞ்சள்.
வண்டித்தடத்தில் அணையாத கங்கு கிடந்தால்
மிதிக்காதே, பக்கிக் குருவி.
மின்னுகிற எதற்கும் எனக்குப் பெயர் தெரியும்.

பன்றிக்கு மட்டும் கண் மின்னாது.
இருட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இருட்டாக
ஏதோ அசையும்.
அதைப் பார்த்துத்தான் சுடவேண்டும்.

காட்டில் கண் மின்னாத இன்னொருத்தன் உண்டு.
அவனுக்குச் சட்டம் எழுத
எங்களுக்குத் தோன்றவில்லை.

சின்னாறு எப்போதாவது தண்ணீர் பார்க்கிற ஆறு.
அன்றைக்குப் பார்த்து வந்திருந்தது.
ஒதுங்கப் போன பசுவன்
திரும்பும்போது இரண்டு சீழ்க்கை அடித்தேன் என்கிறான்.
எனக்கு ஆறுதான் கேட்டது.
இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.
துரிஞ்சிப் புதர் அசைந்தது.

பன்றி கட்டக் கொண்டுபோன கழியில்
என் வேட்டியைத் தூளியாக முடிந்து
அவனைப் போட்டோம்.
முன்னால் நஞ்சுண்டன், பின்னால் நான்.
ஏழு மைல்.
மூன்றாவது மைலில்
மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது.
பிறகு நின்றது.

கழியை இறக்கினோம்.
காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க
யாருக்கும் தைரியமில்லை.
முனகினவன் வாயை இடது கையால் பொத்தினேன்.
அவன் என் உள்ளங்கையைக் கடித்தான்.
வலியை அங்கே வைத்துக் கடித்தான்.
நான் சுட்ட இடத்தில் அவன் ரத்தம்,
அவன் கடித்த இடத்தில் என்னுடையது,
நடுவில் எங்கள் மூச்சை எண்ணிக்கொண்டு
அது.
எவ்வளவு நேரம் என்று கேட்டால்
நஞ்சுண்டன் ஒன்று சொல்வான், நான் ஒன்று சொல்வேன்.
கிளை ஒன்று முறிந்தது.
தின்ன ஆரம்பித்துவிட்டது.
அப்போதுதான் நான் அழுதேன்.

பெயர் கேட்காத ஆஸ்பத்திரி ஒன்று
பென்னாகரத்தில் இருந்தது.
பாறையில் விழுந்துட்டான் என்றோம்.
டாக்டர் பேசாமல்
படத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
இடுப்பில் பதினொரு புள்ளி, வெள்ளை வெளேரென்று.
மின்னினான், கடைசியில்.

எட்டை எடுத்தார்கள். மூன்றை
எலும்புக்குப் பக்கம், வேண்டாம் என்று விட்டார்கள்.
இப்போது ஓசூரில் ஏதோ கம்பெனி.
கேட்டில் அவனைத் தடவுகிற கருவி
தினமும் கத்துகிறதாம்.
பழகிப்போய் உள்ளே விடுகிறார்களாம்.
போனில் சிரித்துக்கொண்டு சொன்னான்.
நானும் சிரித்தேன்,
அவன் சிரித்ததால்.

கடைசியா எப்ப சுட்ட?
ஏழு வருசமாச்சு, ஐயா.
எதை என்று கேட்பார் என்று நின்றேன்.
படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை.

கையெழுத்து போட்டேன்.
ரேகையும் வேண்டும் என்றார்.
இடது கையை விரித்து நீட்டினேன்,
விரலடியில் பிறைபோல அவன் பல்வரிசை.
கட்டைவிரலை மட்டும் பிடித்து
மையில் உருட்டினார்.